ஒன்று, இரண்டு, பிறகு அமுக்கு

நாண்ட்வென், வேல்ஸ்
3 பிப்ரவரி 2019

கெதின்,

பதினோரு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தத் தாள்.

புதன்கிழமை எம்லினைக் கார்டிஃப் மறதிநோய் டாக்டரிடம் கூட்டிப்போனேன். காட்ரினும் வந்தாள். பழைய ரக்பி கிளப்பிலிருந்து வரவழைத்த காகிதங்களை டாக்டர் அம்மா மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். 2004 முதல் 2014 வரை, ஒவ்வொரு ஆகஸ்டிலும் உங்களையெல்லாம் கணினி முன்னால் உட்காரவைத்து எடுத்த மூளைப் பரீட்சை. பதினோரு தாள். பதினொன்றிலும் ஏறக்குறைய ஒரே எண், எழுபத்துச் சொச்சம்.

"உங்க வீட்டுக்காரர் இருபத்திநாலு வயசுலயே இப்படித்தான் மந்தமா இருந்திருக்கார்," என்றார் டாக்டர். "அடிபட்டு வந்த நோய்னா எண் மேலேருந்து கீழ இறங்கியிருக்கணும். இது முதல்லேருந்தே கீழதான் கிடக்கு. அவர் அப்பாவுக்கு இப்படி ஏதாவது உண்டா?"

எம்லினின் அப்பா ஐம்பத்தாறு வயதில், மூடிப் பத்து வருடம் ஆன சுரங்கத்துக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பியவர். ஊருக்கே தெரியும். சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு காட்ரினைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவளும் கவனித்துவிட்டாள்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. "தெரிஞ்ச மரபணுக் கோளாறு எதுவும் இல்ல. ஆனா எங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கு," என்கிறார்.

காட்ரினுக்குப் பதினேழு வயது. பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "நாப்பதுல அழியப்போறத இப்ப எதுக்கும்மா படிக்கணும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சும்மா கேட்டாள்.

அந்த எண் ஏன் கீழே இருந்தது என்று உனக்குத் தெரியும். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தீர்கள். அடிபடாத தலைக்கான எண்ணைக் குறைத்து வைத்துவிட்டால், மோதி விழுந்த பிறகு எடுக்கும் பரீட்சையிலும் அதே எண்ணை எட்டிவிடலாம், அடுத்த சனிக்கிழமை ஆடலாம். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ.

ஒரு பக்கம் போதும். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நெரிஸ்


பெய்ராட், பிரான்ஸ்
14 பிப்ரவரி

அக்கா,

போன் கெட்டுவிட்டது. திரையில் கோளாறு. சரிசெய்ய நேரமில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு மட்டும் மச்சான்மேல் அக்கறை இல்லையா? எட்டு வருடம் ஸ்க்ரம்மில், இரண்டு அணியும் தலைகுனிந்து முட்டித் தள்ளும் அந்தக் குவியலில், அவர் தோளில் தொங்கியவன் நான். ஹூக்கர் என்றால் உனக்குத் தெரியும்: நடுவில் நிற்பான், இரண்டு கையும் இரண்டு பக்கத்து ஆட்களின் முதுகில் மாட்டியிருக்கும், வருகிற மோதலுக்கு அவனிடம் மிச்சமிருப்பது தலை மட்டும்தான். என் இடப்பக்கம் எப்போதும் மச்சான். அந்தப் பக்கம் ஒருநாளும் சரிந்ததில்லை.

ஆனால் நீ கேட்பது என்னவென்று யோசித்தாயா? அப்படி ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டால் அது எப்படியும் இங்கே வந்து சேரும். இந்த ஆட்டத்தில் ரகசியம் தங்காது. கிளப் டாக்டர் காஸனாவ் என் தாள்களைத் தூசு தட்டி எடுப்பார். மறுநாள் காலை என் பூட்ஸ் வாசலுக்கு வெளியே கிடக்கும். எனக்கு முப்பத்தைந்து வயது. பதினெட்டு வயதிலிருந்து இது தவிர வேறு வேலை பார்த்ததில்லை. நாங்கள் இப்போது மூன்றாம் இடம். மேல் பிரிவுக்கு ஏறும் வாய்ப்பு இருக்கிறது.

ஹியூவிடம் கேட்டுப் பார். அவனும் அதே அறையில் உட்கார்ந்தவன்தான். அவன் விளையாட்டை விட்டு நாளாகிறது.

காட்ரினுக்கும் நாய்க்கும் என் அன்பைச் சொல். ஜெட் எப்படி இருக்கிறது? பின்னங்கால் தேவலையா?

கெதின்


நாண்ட்வென்
4 மார்ச்

கெதின்,

ஹியூவைப் பார்க்கப் போனேன். இப்போது பள்ளிக்கூடத்தில் ரக்பி சொல்லித்தருகிறான். மைதானத்தின் ஓரத்தில், மழையில், குடைகூட இல்லாமல் நின்று பேசினோம். "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல நெரிஸ்," என்றான். சொல்லிவிட்டு அவனே வெளிறிப்போனான். என்னிடம் பொய் சொன்னானா, நிஜத்தைச் சொன்னானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதுபோல.

இங்கே எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். காலையில் எம்லினை நாற்காலியிலிருந்து எழுப்புவதுதான் பெரும்பாடு. நூற்றுப் பதினைந்து கிலோ ஆள். கை கொடுத்தால் தட்டிவிடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், ஸ்க்ரம்முக்கு முன் நடுவர்கள் சொல்வதைப்போல, "குனி… பிடி…" என்று கத்தினேன். கேலியாகத்தான். உடனே எழுந்துவிட்டார். வலது கை என் முதுகைச் சுற்றி வந்து, அந்தப் பக்கத்து அக்குளுக்குக் கீழே என் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்தது. தலையைத் தாழ்த்தி என் தலையோடு ஒட்டிக்கொண்டார். அப்படியே குளியலறைவரை நடந்தோம். இப்போது தினமும் அப்படித்தான். என் ஸ்வெட்டர்கள் எல்லாம் வலதுபுறம் தொங்கிப்போய்விட்டன.

ஜெட் சனிக்கிழமை செத்துவிட்டது. தோட்டத்தில் குழி தோண்டியது எம்லின்தான், நன்றாகவே தோண்டினார். பிறகு சாயங்காலம் முழுக்க வாசலில் நின்று ஜெட்டை விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு பக்கத்தை எழுது.

நெரிஸ்


பெய்ராட்
19 மார்ச்

அக்கா,

சரி, பேசுவோம். முழுதாகவே பேசுவோம்.

2004 ஆகஸ்ட். உன் சமையலறை. காட்ரின் மாடியில் தூக்கத்தில். கணினியில் வருவது சீட்டாட்டச் சீட்டுகள்தான், சீட்டு திரும்பியதும் பொத்தானை அமுக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பெரிய பையன்கள் எனக்குச் சொன்னதை மச்சானுக்குச் சொன்னேன்: "சீட்டு திரும்பினதும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணு. அப்புறம் அமுக்கு." அவர் முதலில் மறுத்தார். "நமக்கு எதுக்கு மாப்ள இந்தத் திருட்டு வேல," என்றார்.

சீட்டுக்கட்டை எடுத்து வந்தது யார்? மேசைக்கு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பியது யார்? மச்சான் கரண்டியால் மேசையைத் தட்டுவார். சீக்கிரம் தட்டிவிட்டால், "அய்யோ, இவ்ளோ புத்திசாலியா இருந்தா சனிக்கிழமை வீட்ல பாத்திரம்தான் தேய்க்கணும்," என்று சொல்லிச் சிரித்தது யார்? மூன்று இரவு பழகினோம். மூன்று இரவும் நீதான் சீட்டைத் திருப்பினாய்.

அப்படியானால் நீயே டாக்டரிடம் சொல்லலாமே. உனக்கு இழக்க எந்த கிளப்பும் இல்லை.

சீசன் மே கடைசியில் முடிகிறது. அதோடு நான் விளையாட்டையும் விடலாம். விட்டதும் எழுதித் தருகிறேன். அதுவரை என்னை விடு.

கெதின்


நாண்ட்வென்
2 ஏப்ரல்

கெதின்,

ஆமாம். நான்தான் திருப்பினேன். நான்தான் சிரித்தேன். நீ எழுதித்தான் எனக்கு நினைவுக்கு வந்தது என்று நினைக்காதே.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த வாரமே சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார். 'மனைவி கூறுவது' என்று ஆரம்பித்து இரண்டு வரி எழுதினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் உங்கள நம்புறேன். ஆனா இதப் படிக்கிற வேற டாக்டர், பொண்ணுக்காக அம்மா சொல்றாங்கன்னுதானே நினைப்பாரு? கூட உக்காந்து பரீட்சை எழுதினவங்க யாராவது ஒருத்தர் சொல்லணும்."

கிளப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. சிலர் பயிற்சியாளர்கள். சிலர் இன்னும் ஆடுகிறார்கள். நீ ஒருவன்தான் மிச்சம்.

காட்ரின் என்ன செய்கிறாள் தெரியுமா? அந்தப் பழைய சீட்டுக்கட்டு அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப்போய் அறைக்குள் வைத்துக்கொண்டு, பள்ளி விட்டு வந்ததும் தன்னையே சோதித்துப் பார்க்கிறாள். ஐம்பத்திரண்டு சீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்து, வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறாள். கதவுக்கு வெளியே சீட்டு விழும் சத்தம் கேட்கும். நேற்று சத்தம் நின்றுவிட்டது. உள்ளே போனேன். "இருபத்தி மூணாவது மறந்துபோச்சும்மா. நேத்து முப்பதுவரைக்கும் வந்தேன்," என்றாள். யாருக்கும் முப்பது வராது என்று சொன்னேன். நம்பவில்லை. அப்பா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

மே கடைசி என்றாய். காத்திருக்கிறேன்.

நெரிஸ்


பெய்ராட்
27 மே

அக்கா,

அரையிறுதியில் தோற்றோம். நான்கு புள்ளி வித்தியாசம். ஜூரப் சொன்னான். என் வலப்பக்கம் நிற்கும் ஜார்ஜியா நாட்டுக்காரன், நல்ல பையன். இரண்டாம் பாதி எனக்குச் சரியாக நினைவில்லை. களைப்பு.

உன்னிடம் ஒன்று மறைத்தேன். போன் கெடவில்லை. அந்த வெளிச்சம் தாங்கவில்லை. திரையைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்குகிறது. வீட்டில் பகலிலும் திரைச்சீலை போட்டிருக்கிறேன். தாளும் பேனாவும் ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் உனக்கு ஒழுங்காகப் பதில் வருகிறது.

இன்னொன்று. திட்டுவாய். திட்டு. இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கிளப் தலைவர் கூப்பிட்டார். மேசைமேல் காகிதம் இருந்தது. "நீ இல்லாம ஸ்க்ரம்மா? நீதானே நடுத்தூண்," என்றார். கையெழுத்துப் போடாமல் அந்த அறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். வந்தால் எங்கே போவது? மற்றவர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள், மனைவி மக்களோடு போகிறார்கள். சனிக்கிழமை இல்லாத வாரத்தை எப்படிக் கடப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த மே கட்டாயம்.

மச்சானை விசாரித்ததாகச் சொல். ஜெட் எப்படி இருக்கிறது? அந்தப் பின்னங்கால் தேவலையா?

கெதின்


நாண்ட்வென்
4 ஜூன்

கெதின்,

திட்டத்தான் உட்கார்ந்தேன். நான்கு பக்கம் எழுதினேன். பிறகு உன் கடைசி வரியை மறுபடி படித்தேன். நான்கு பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஜெட் செத்துவிட்டது. மார்ச்சில் எழுதினேன். எம்லின் தோண்டிய குழியைப் பற்றியும் எழுதினேன். அந்தக் கடிதத்துக்கு நீ பதிலும் போட்டாய்.

இனி அந்த ஒரு பக்கத்தைக் கேட்கமாட்டேன். வேறு ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டில் அந்தக் கணினி முன்னால் உட்காருவாய். ஒரே ஒரு முறை எண்ணாதே. சீட்டு திரும்பியதும் அமுக்கு. உன்னால் முடிந்ததையெல்லாம் போடு. வரும் எண்ணை உன் பழைய எண்களோடு நீயே வைத்துப் பார். யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடமும் வேண்டாம்.

அதுவரை எழுதமாட்டேன்.

நெரிஸ்


பெய்ராட்
21 ஆகஸ்ட்

அக்கா,

நேற்று பரீட்சை.

உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஜன்னலை மூடிவைத்து நான்கு கணினி. வெளியே வரிசை. ஜூரப் எனக்கு முன்னால் நின்றான். "தூக்கம் வருதா அண்ணே? நல்லது, எண்ண வேண்டிய வேலை மிச்சம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் காஸனாவும் வாசலில் நின்று சிரித்தார். இங்கே எல்லோருக்கும் தெரியும் அக்கா. சிரிக்காதவன் புது ஆள்.

உட்கார்ந்தேன். வெளிச்சம் குத்தியது. இருந்தும் நான் எண்ணவில்லை. காட்ரின் மேல் சத்தியமாக எண்ணவில்லை. சீட்டு திரும்பிய கணத்தில் அமுக்கினேன். முன்பு பார்த்த சீட்டா, புதுச் சீட்டா என்று கேட்கும் இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக உண்மையாக எழுதினேன். சட்டை நனைந்துவிட்டது. முடிந்ததும், இந்த முறை எண் தொண்ணூறைத் தாண்டும், எல்லாத் தாளையும் பொய்யாக்கிவிடும், டாக்டர் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

போன வருடம் எண்ணி, ஏமாற்றி, வாங்கியது எழுபத்து நான்கு. அதற்கு முந்தைய வருடம் எழுபத்து மூன்று.

நேற்று அறுபத்தெட்டு.

டாக்டர் தாளைப் பார்த்தார். பழைய தாளோடு ஒப்பிட்டார். "எப்பவும்போலத்தான். கொஞ்சம் தூக்கக் கலக்கம். ஆடலாம்," என்று முத்திரை குத்தினார்.

வெளியே ஜூரப் கேட்டான்: "எவ்ளோ அண்ணே?" சொன்னேன். "அடேங்கப்பா! ரொம்ப நல்லா எண்ணியிருக்க."

"நான் எண்ணலடா."

"சரி சரி. இந்த நடிப்பெல்லாம் டாக்டர்கிட்ட வச்சுக்க," என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

இனி நீ கேட்டது. பெரிய எழுத்தில் எழுதுகிறேன், டாக்டருக்குப் புரிய வேண்டும்.

'கெதின் ப்ராபர்ட் ஆகிய நான் 2004 முதல் என் அக்காள் கணவர் எம்லின் டட்லியுடன் ஒரே அறையில் மூளைப் பரீட்சை எழுதினேன். இருவரும் வேண்டுமென்றே தாமதமாக அமுக்கினோம். அந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அவருடைய முதல் எண் பொய். அவர் மந்தமானவர் அல்ல. அறையில் எல்லோரையும்விட வேகமானவர், அதனால்தான் அவருக்குப் பழக மூன்று இரவு ஆயிற்று. 20 ஆகஸ்ட் 2019 அன்று நான் முதல்முறையாக நேர்மையாக எழுதினேன். என் பொய் எண்ணைவிட அது குறைவு. தாள்களின் நகல் இணைத்திருக்கிறேன். எனக்கும் எம்லினுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டது ஜெர்சியில் மட்டும்.'

காட்ரினிடம் கடைசி இரண்டு வரியையும் வாசித்துக்காட்டு. மாமா சொன்னான் என்று சொல். விண்ணப்பத்தை அனுப்பச் சொல்.

திங்கட்கிழமை காஸனாவிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

கெதின்


நாண்ட்வென்
9 செப்டம்பர்

கெதின்,

உன் கடிதம் ஆகஸ்ட் 27ஆம் தேதி வந்தது. சாப்பாட்டு மேசையிலேயே காட்ரினிடம் கொடுத்தேன். படித்தாள். மாடிக்குப் போய் சீட்டுக்கட்டை எடுத்து வந்து அலமாரியில் வைத்தாள். அன்று ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டாள். மறுநாள் மதியம்வரை எழுப்பவில்லை.

30ஆம் தேதி இன்னோர் உறை வந்தது. உள்ளே அதே கடிதம். தேதி மட்டும் 24. ஜூரப் தோளில் தட்டியதுவரை அதே வரிகள், அதே நகல்கள். 'திங்கட்கிழமை காஸனாவிடம் நானே போய்ச் சொல்கிறேன்.'

செப்டம்பர் 4 அன்று மூன்றாவது. அதில் பரீட்சை 'நேற்று' என்றே இருக்கிறது. திங்கட்கிழமையும் இருக்கிறது. கூடுதலாக ஜெட்டுக்கு ஒரு வரி.

மூன்றையும் கார்டிஃபுக்கு எடுத்துப்போனேன். டாக்டர் மேசைமேல் வரிசையாக வைத்தார். முதல் கடிதத்தை நிதானமாகப் படித்து, எம்லினின் தாள்களில் எதையோ அடித்துத் திருத்தினார். "இது போதும். காட்ரின்கிட்ட நானே பேசுறேன்," என்றார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இவர் இன்னும் ஆடுறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் முன்னாலேயே உன் கிளப்புக்குப் போன் போட்டார். உன்னைக் கேட்காமல் நடந்தது. நான் தடுக்கவில்லை. கோபப்பட்டுக்கொள். உன் பூட்ஸ் வாசலுக்கு வெளியே கிடந்தால் அது என் வேலை என்று தெரிந்துகொள்.

காட்ரின் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். எதற்கு என்று நினைக்கிறாய்? கட்டடப் பொறியியல். அப்பாவும் மாமாவும் இடித்ததையெல்லாம் கட்டப்போகிறாளாம். சொல்லிவிட்டு அழுதாள். உனக்காக அழுதாள்.

19ஆம் தேதி வியாழக்கிழமை கிளம்பு. தனியாக வராதே. ஜூரப்புக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அவன் விமானத்தில் கூட வந்து உன்னை என் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவான். காரை நீ ஓட்டக் கூடாது.

நீ வருகிறாய் என்று எம்லினிடம் சொன்னேன். பெயர் புரிந்ததா என்று தெரியவில்லை. சோபாவில் இடப்பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்து, வலது கையை அகலமாக விரித்து வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் அப்படியே இருந்தார். கையை நான்தான் இறக்கிவிட்டேன்.

கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன். கத்தரித்து, வாசல் கதவின் உட்புறத்தில், கண்ணுக்கு நேராக ஒட்டிவை. இன்றே, இப்போதே ஒட்டு.

நெரிஸ்

✂
அக்காவுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுபடி எழுத வேண்டாம். ஜூரப் வரும்வரை இங்கேயே இரு.